புருவத்தில் வெட்டுள்ள பாவை

மிர்த்தோ பாதாள தேவி பெர்செபோனேயின் கோயிலைப் பெருக்குகிறவள். காணிக்கைகளை வாங்கி அடுக்குவதும் அவள்தான். பக்தியால் அந்த வேலைக்கு வந்ததாக எங்கள் லோக்ரி நகரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஏமாற்றியவரின் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அவள் அந்த வகை.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது தேவிக்கு நேர்ந்துகொண்டாள்: என் முகத்தை உனக்குத் தருகிறேன், அது உன்னிடம் மட்டும்தான் இருக்கும் என்று. கணவன் சோசிலாஸ் மண் பாவை செய்கிறவன். அவளுடைய இடது புருவத்து வெட்டுத் தழும்பைக்கூட விடாமல் வடித்து, அச்செடுத்து, ஒரே ஒரு பாவை சுட்டுக் கொடுத்தான். அச்சை உடைத்துவிட்டதாகச் சொன்னான். பாவை கோயிலுக்குப் போயிற்று. திராட்சை அறுப்புக்கு முன்பே மகளும் போய்விட்டாள்.

தேவி வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டாள் என்றே மிர்த்தோ நினைத்திருந்தாள்.

பலகைகள் நிரம்பிவிட்டால் பழைய காணிக்கைகளை உடைத்துக் கோயிலுக்குள்ளேயே புதைப்போம். தேவிக்குக் கொடுத்தது மதிலைத் தாண்டக் கூடாது. இந்த வசந்தத்தில் மிர்த்தோவும், கூட வேலை செய்யும் எய்ரானாவும், தாங்கள் வேலைக்கு வருமுன் சேர்ந்தவற்றைக் குழிக்கருகில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்க பாரேன். இவ உன்ன மாதிரியே முறைக்கிறா," என்று எய்ரானா சிரித்தாள்.

சாண் உயரப் பாவை. இடது புருவத்தில் வெட்டு.

"நான் குடுத்த பாவை இதவிடப் பெருசுடி."

"அப்போ இது யாரு? இதோ இன்னொருத்தி. அய்யோ, ஒரு குடும்பமே இருக்கு!"

சுட்ட பாவையிலிருந்து மறுபடி அச்செடுத்தால் அடுத்தது சிறுக்கும்; சுடும்போது மண் சுருங்கும். பாவை செய்கிறவன் மனைவிக்கு இதை யாரும் சொல்ல வேண்டாம். எழுந்துபோய், இன்னும் கை வைக்காத அடிப்பலகையின் கோடியில் தன் பாவையைத் தேடினாள். அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே பழந்தூசியில், இன்னும் சில நின்றன. அதே உயரம் என்றால் அதே அச்சு; அது உடையவே இல்லை.

சோசிலாஸ் மறுக்கவில்லை. "அவ்வளவு நல்லா வந்த அச்சு, மிர்த்தோ. உடைக்க யாருக்கு மனசு வரும்? பொண்ணுங்கல்லாம் அந்த முகம்தான் வேணும்னு நின்னாங்க."

"அவளுக்கு மட்டும்னு நேர்ந்தேன். புள்ள கெடக்கும்போது."

"தேவி என்ன, முகத்த எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கா?"

"நான் எண்ணிட்டேன்."

நேர்ச்சை பொய்த்ததால்தான் குழந்தை போனதா? எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு அச்சைப் பற்றி என்ன அக்கறை? ஆனால் மிர்த்தோ இத்தனை காலமும் வெறுத்தது தேவியை; சமைத்துப் போட்டது இவனுக்கு.

பழைய அச்சைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேவியின் காலடியில் வைத்தாள். சோசிலாஸ் மண் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றான்.

"என் பொழப்பே அதுல இருக்குடி! எடுத்துக் குடு!"

"இனிமே அவளோடது. தைரியம் இருந்தா உள்ள வந்து எடு."

அவனுக்குத் தைரியம் இல்லை. அவள் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சில நாளில் கல்யாணப் பெண் ஒருத்தி பாவையோடு வந்தாள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். புருவத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு.

"சோசிலாஸ்கிட்ட வாங்குனியா?" என்று மிர்த்தோ கேட்டாள்.

"அவர் யாரு? எல்லாக் கடையிலயும் கிடைக்குது அத்தை. ராசியான முகமாம்."

மிர்த்தோ அதை இரண்டு கையாலும் வாங்கி, இடம் பார்த்துப் பலகையில் வைத்தாள்.