பன்னிரண்டு பேராக இருந்தோம்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கே படித்ததில் மனதில் தங்கியது ஒன்றுதான்: சில எண்கள் பிரியும், சில எண்கள் பிரியாது. பிரியாததைப் பகா எண் என்பார்கள்.

குடவாசல் பக்கம் நடவுக்குப் போகும் எங்கள் செட்டில் பன்னிரண்டு பெண்கள். ஆட்களைப் பிரித்து வயலுக்கு அனுப்புவது என் வேலை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லா வயல்காரர்களும் ஒரே நாளில்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வயல் என்றால் ஆறாறு பேர். மூன்று என்றால் நாலு நாலு. நான்கு என்றால் மும்மூன்று. ஆறு துண்டாகக் கிடந்தாலும் இரண்டிரண்டு பேராக இறங்கிவிடுவோம். பன்னிரண்டுக்குக் கீழே இத்தனை விதமாகப் பிரிகிற எண் கிடையாது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பயம் வந்தால் கணக்குப் போடுவேன். பன்னிரண்டை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்களை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எல்லாவற்றையும் கூட்டினால் பதினாறு. தன்னையே தாண்டிவிடுகிறது. பதினொன்றுக்கு அப்படிப் பார்த்தால் வெறும் ஒன்று.

போன சம்பாவுக்கு முன்னால் என் கூட்டாளிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இருபது வருடம் எனக்குப் பக்கத்திலேயே நின்று நட்டவள். இனிக் குனியக் கூடாது என்றார் டாக்டர். பதினோரு பேரானோம்.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்து, "நான் வரட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இவளைச் சேர்த்துவிட்டால், என் கூட்டாளி உடம்பு தேறித் திரும்பி வரும்போது பதின்மூன்றாவது ஆளாக நிற்பாளே. பதின்மூன்றும் பிரியாது. கேட்டு வந்தவள் வேறு செட்டில் சேர்ந்துவிட்டாள்.

மூன்று வயல் வந்த நாளில் நாலு, நாலு, மூன்று என்று பிரித்தேன். மூன்று பேர் பக்கம் நானே இறங்கினேன். மற்றவர்கள் கரையேறிக் கால் கழுவி வண்டியில் உட்கார்ந்த பிறகும் எங்களுக்குக் கால்வாசி வயல் கிடந்தது.

"யக்கா, ஒங்க கூட்டாளிக்காக நீங்க இடுப்ப ஒடிச்சுக்குங்க. என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் என்னோடு நட்டவள்.

"நாளைக்கு ஒன்ன நாலு பேரு பக்கம் மாத்திப் போடுறேன்டி."

"எப்புடி மாத்தினாலும் எவளோ ஒருத்தி மாட்டத்தானே போறா, கணக்கு டீச்சர்?"

வண்டியிலிருந்து இன்னொருத்தி கத்தினாள்: "கொறையிற ஆளு சந்தையில விக்கிதாம், வாங்கியாரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் வண்டிக்கு ஐந்து பேர்தான் வந்தோம். மற்ற ஆறு பேரும் தனி வண்டி பிடித்துப் போயிருந்தார்கள். ஆறு, இரண்டு வயலுக்கும் பிரியும், மூன்று வயலுக்கும் பிரியும். வயல்காரர்கள் இப்போது அவர்களுக்குத்தான் போன் போடுகிறார்கள். ஐந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போன வாரம் கூட்டாளியைப் பார்க்கப் போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"நம்ம செட்டுல இப்ப எத்தன பேருடி?"

"பதினொண்ணு. ஒன் எடம் அப்புடியே கெடக்கு. நீ வந்தா சரியாயிடும்."

"அடுத்த நடவுக்கு வந்துடுறேன், பாரு" என்று சொல்லி, எனக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்தாள்.

அவள் வந்தால் ஆறு பேராவோம். ஆறு பிரியும். ஆனால் எழுந்து நிற்கவே அவளுக்குச் சுவர் தேவைப்பட்டது.