ஏழரை மீட்டர் பாயும் வளையாத கம்பமும்

பாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்றுதான் நானும் நம்பினேன். ஒரு பலகைமேல் நின்று, அதில் நட்டிருக்கும் கம்பத்தையும் பாயையும் கையால் பிடித்துக்கொண்டு, காற்று இழுக்கிற பக்கம் தண்ணீரில் ஓடுகிற விளையாட்டு அது. பெரிய பாய் கட்டினால் பெரிய ஓட்டம், தடித்த கம்பம் நட்டால் அசையாத நிலை, இதில் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இப்படி நினைக்க ஒருவன் பிறவி மடையனாக இருக்க வேண்டியதில்லை. கோயமுத்தூரில் சில வருடம் பம்பு விற்றால் போதும்.

எங்கள் பக்கம் கிணற்றுக்கு மோட்டார் எடுக்க வருகிறவரிடம் "உங்களுக்கு அஞ்சு எச்.பி. போதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய பரம்பரையையே குறைத்துப் பேசிவிட்ட மாதிரி முகம் சுருங்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அஞ்சு போட்டிருக்கிறார், ஆகவே இவருக்கு ஏழரை வேண்டும். கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். ஏழரை அதைக் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சித் தீர்த்துவிட்டு, பிறகு வெறும் காற்றைக் குடித்துக் கதறிக்கொண்டிருக்கும். அந்தக் கதறலையும் ஒரு பெருமையாகக் கேட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருப்பார் தோட்டத்துக்காரர். தொண்ணூறுகளில் இந்தப் பெருமையை நம்பித்தான் எங்கள் கம்பெனியே நடந்தது.

கம்பெனி என் மச்சானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. அதில் எனக்கு விற்பனைப் பிரிவு மேலாளர் என்று பெயர். செய்த வேலை தலையாட்டுவது. மச்சான் எதைச் சொன்னாலும் "ஆமாங்க மச்சான்" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக அது என்னவென்று கேட்டுக்கொள்வேன். அந்த உத்தியோகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

எங்களிடம் பம்பு வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியர் ஒருவர், ஏதோ ஒரு கப்பல் பெட்டியோடு சேர்த்து மச்சானுக்கு அந்த விளையாட்டுச் சாமானைப் பரிசாக அனுப்பிவைத்தார். ஒரு பலகை, ஒரு கம்பம், இரண்டு பாய். பாயின் மூலையில் அதன் பரப்பு சதுர மீட்டரில் அச்சடித்திருந்தது. ஒன்று ஐந்து, இன்னொன்று ஏழரை. பிறகு எதற்கு மச்சான் யோசிக்கப் போகிறார்?

அடுத்த முறை கோயமுத்தூர் வந்தபோது ஜெர்மானியர் பொறுமையாகவே விளக்கினார். அமைதியான தண்ணீருக்குப் பெரிய பாய். குடாக்கடலில் அலை குட்டையாக, நெருக்கமாகத் துள்ளும், பலகையைக் கீழிருந்து தட்டிக்கொண்டே இருக்கும், காற்றும் திடீர் திடீரென்று அறையும். அங்கே சின்னப் பாய்தான் கைக்கு அடங்கும் என்றார். பிறகு கம்பத்தை எடுத்து ஆபீஸ் தரையில் ஊன்றி அழுத்தினார். அது தூண்டில் மூங்கில் மாதிரி வளைந்து நிமிர்ந்தது. வளைய வேண்டும், அதுதான் அதன் குணம். காற்று அறையும்போது கம்பத்தின் மேல்பாகம் வளைந்து கொடுத்தால் பாயின் உச்சி திறந்து உபரிக் காற்றை வெளியே விட்டுவிடும். விறைத்து நின்றால் அந்த அடி முழுக்க ஆளின் தோளில் இறங்கும்.

மச்சான் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். ஜெர்மானியரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கம்பத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"வளையுது பாத்தியா மாப்ள? மெட்டீரியல் மட்டம். நம்ம கடையில வளைஞ்ச ஷாஃப்ட்டுக்குப் பேரு என்ன?"

"ஸ்கிராப்புங்க மச்சான்."

"ஏமாந்தவன்னு நெனச்சு நம்ம தலையில கட்டிப்போட்டான்."

ஒரே வாரத்தில் எங்கள் பட்டறையிலேயே புதுக் கம்பம் தயாரானது. தடித்த அலுமினியக் குழாய். இரண்டு பேர் இரண்டு முனையில் ஏறி நின்று குதித்தாலும் இம்மி வளையாது. குதித்துக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் மச்சானின் பங்காளி ஒருவருடைய தென்னந்தோப்பை ஒட்டி ஒரு குளம். பழக்கமெல்லாம் அங்கேதான். தட்டு மாதிரிக் கிடக்கும் தண்ணீர், கணவாய் வழியாக ஒரே சீராக வரும் காற்று. ஏழரைப் பாயும் எங்கள் கம்பமும் சும்மா சொல்லக் கூடாது, அங்கே நன்றாகவே ஓடின. மச்சான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போய் முட்டி நின்று, பலகையைத் தூக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருவார். மாடு குளிப்பாட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

அடுத்தது கடல் என்று அறிவித்தார். கிளப்பில் ஒரு நூல் மில்காரர் பனிமலையில் நிற்கிற தன் படத்தை மாட்டிவைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் மச்சான் கடல்மேல் நிற்கிற படம் தொங்க வேண்டும். படம் எடுக்க நான். தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை என்று முடிவானது.

கிளம்புகிற காலையில் அக்கா வாசலுக்கு வந்தாள். கார் மேல் கட்டியிருந்த சாமானைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த வெள்ளைக்காரரு சின்னத்தைத்தான கட்டச் சொன்னாரு?"

"அஞ்சு ஓடற எடத்துல ஏழரைய மாட்டுனா கெட்டா போயிரும்?"

"ஆமா, ஏழரைய வெலைக்கு வாங்க முடியலைன்னு இனாமா வாங்கிட்டு வந்திருக்கீங்க."

மச்சான் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "கண்ணு, அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. எப்புடிக் கூட்டிட்டுப் போறியோ அப்புடியே கூட்டிட்டு வந்துரோணும்." நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். சின்னப் பாயும் வளைகிற கம்பமும் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன. அவற்றையும் தூக்கிப் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

கடல் அன்று துள்ளிக்கொண்டிருந்தது. பெரிய அலை ஒன்றும் இல்லை. குட்டிக் குட்டியாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுகிற மாதிரி. தென்காற்று கரையோரமாக வந்து உள்ளே சாய்த்துத் தள்ளியது. மிதவைச் சட்டை போட்டால் படத்தில் தொப்பையாகத் தெரியும் என்று மச்சான் கழற்றி வீசினார். கம்பெனிப் பெயர் அச்சடித்த பனியன், கறுப்புக் கண்ணாடி. ஏறி நின்று பாயை நிமிர்த்தினார்.

போனார். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, கடத்திக்கொண்டு போனது என்றுதான் சொல்ல வேண்டும். பலகை கீழே தடதடவென்று இடித்தது, பாய் மேலே வெறிகொண்டு இழுத்தது, கம்பம் எங்கள் பட்டறையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு துளியும் வளையாமல் நின்றது. நடுவில் மச்சான் ஒரு துணி காயப்போடும் கிளிப் மாதிரி தொங்கினார். விழுந்தார், எழுந்தார், விழுந்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் இன்னும் சின்னதாகத் தெரிந்தார். கடைசியாகப் பாய் ஒரு பக்கம் அறைந்து விழுந்தது. பிறகு எழவில்லை.

நான் முதலில் கடலைப் பார்த்து ஓடினேன். முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் திரும்பிக் கரையைப் பார்த்து ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் கிணற்று நீச்சல். எதிரில் ஒரு சுவர் இருந்தால்தான் வரும். எதிரில் இலங்கைதான் இருந்தது. அங்கே சண்டை நடக்கிற காலம். மச்சான் மூழ்காமல் மிதந்தால் கடற்படை சுடும், சுடாவிட்டால் சிறை என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்துகொண்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உருட்டிப் பார்த்தேன். எப்படி உருட்டினாலும் அதில் ஏழரை வந்தது. அதற்கு நான் தலையாட்டியதும் வந்தது.

படகடியில் மீனவர் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். காலில் விழாத குறையாகக் கத்தினேன். அவர் கடலைப் பார்த்தார். "போவோம்ணே. டீ வருது, குடிச்சிட்டுப் போவோம்."

"உசுரு போகுதுங்க!"

"போவாதுண்ணே" என்றார், வலையை மடித்துக்கொண்டே.

இவனெல்லாம் மனிதனா என்று நினைத்தேன். அழுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. என் நிலைமையைப் பார்த்து அவர் டீயை விட்டுவிட்டு வள்ளத்தைத் தள்ளினார். நான் அதில் கிடந்த ஒரு லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். பாய் பக்கத்தில் வந்ததும் "மச்சான்!" என்று அலறி, குலதெய்வத்தை நினைத்து, உயிரைக் கொடுக்கிற முடிவோடு குதித்தேன்.

கிளப்பில் மச்சான் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார். கேட்கிறவர்களைப் பொறுத்து அதில் நீர்ச்சுழல் வரும், சுறா வரும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். நடந்தது இவ்வளவுதான்.

குதித்த வேகத்தில் என் இரண்டு முழங்காலும் சேற்றில் இடித்தன. எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. அலை அப்படிக் குட்டையாகத் துள்ளியதே தரை அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான். எங்கள் கம்பம் நுனி கீழாக விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. வளையாததால் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. மச்சான் பலகையைக் கட்டிப்பிடித்து, காலை மடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

"மச்சான், எந்திரிச்சு நில்லுங்க."

"எட்டாது மாப்ள."

"நான் நிக்கறனுங்களே."

ஒரு கண்ணைத் திறந்து என் இடுப்பைப் பார்த்தார். பிறகு நின்றார். இருவரும் கரைக்கு நடந்து வந்தோம்.