என் பக்கத்துக் காது

அவளுக்கு அக்கா என்றால் நான்தான். செவிலிமேட்டில் எங்கள் தெருவுக்கு அவள் வாழவந்த நாளிலிருந்து, காலையில் இரண்டு பேரும் சைக்கிளில் ஒன்றாகத்தான் பட்டுக்கடை வேலைக்குப் போவோம். அவள் வீட்டு டிவியில் மாமியார் பக்தி சேனலைத் தவிர வேறெதையும் வைக்க விடமாட்டார். அதனால் முந்தின நாள் சீரியலில் நடந்ததை வழிநெடுக நான்தான் சொல்வேன். கேட்டுக்கொண்டே பெடல் மிதிக்க மறந்து நின்றுவிடுவாள்.

போன வருடம் ஒருநாள், "நேத்து அக்கா சொன்னத கேட்டு தூக்கமே வரலக்கா" என்றாள். நேற்று நான் லீவு. புரியாமல் பார்த்தேன். காதில் இருந்த இயர்போனைக் காட்டினாள். போனில் தொடர்கதை சொல்லும் யாரோ ஒருத்தி. அவளும் அக்காவாம்.

வலது காதை பஸ் ஹாரனுக்காக விட்டுவைத்து, இடது காதில் மட்டும்தான் மாட்டுவாள். விவரமானவள்தான். ஆனால் நான் எப்போதும் அவளுக்கு இடதுபக்கம், ரோட்டோரமாக வருகிறவள். அது என் காது. பஸ்ஸுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்லை. ஒருநாள் வலதுபக்கம் போய்ப் பார்த்தேன். "பஸ் வருது, அந்தாண்ட போக்கா" என்று பழைய இடத்துக்கே துரத்திவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாதவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். முகம் தெரிந்தால் மூக்கு சரியில்லை என்றாவது சொல்லலாம். குரலில் குறை கண்டுபிடிக்கத்தான் நானும் என் போனில் அந்தக் கதையை வைத்தேன். பாவி, நன்றாகத்தான் சொன்னாள். காரக்குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் அடுத்தடுத்த பகுதியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் மூச்சுவிடவில்லை.

முகூர்த்த சீசன் சமயம், பாதி வழியில் அவள் சைக்கிள் தடுமாறியது.

"என்னாச்சும்மா?"

"சார்ஜ் போயிடுச்சுக்கா. அந்தப் பொண்ணு கதவ தொறக்கப் போனா. உள்ள யாரு இருக்குறாங்கன்னு தெரியலியே."

கடையில் நுழைந்ததும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயந்திரம்வரை புடவை விரித்து மடிக்கத்தான் நேரம் இருக்கும். இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டாள். என் பக்கத்துக் காது வெறுமையாக இருந்தது.

"உள்ள இருக்கறது அவ புருசன்தான்" என்றேன்.

அவன் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த கதை அது. எப்படித் தப்பித்தான், ஏன் ஒளிந்திருந்தான் என்று குரலை மாற்றி, ஹேண்டிலை விட்டுக் கையை ஆட்டிச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட அவள் கேட்கவில்லை. பழையபடி பெடல் மிதிக்க மறந்து நின்றாள். கடைக்கு நேரமாவதைக்கூடப் பார்க்காமல் நானும் நின்று மீதியைச் சொன்னேன்.

கடை வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா சொல்றக்கா. அக்கா மாரி கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி சொல்லுக்கா, இன்னும் நல்லா இருக்கும்."