தேங்காய்த் தண்ணீரில் நனைந்த ஆய்வேடும் அன்வர் பாயும்

அன்வர் பாய் போய்விட்டார் என்று போன வாரம் நடராஜன் போன் செய்தார். தி. நகரில் டி.வி., கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையை அவரோடு கூட்டாக நடத்தியவர் நடராஜன். "ரெண்டு நாளா நெஞ்சு வலிச்சிருக்கு மேடம், யாராண்டயும் சொல்லல" என்றார். அந்தக் கடைப்படி ஏறிய எல்லோரிடமும் பாயைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னுடையது இது.

இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூஜை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அம்மா புத்தகங்களோடு என் லேப்டாப்பையும் பூஜையில் வைத்தாள். மூடியிருந்தால் சரஸ்வதி எப்படிப் பார்ப்பாள் என்று திறந்தே வைத்துக் குங்குமம் இட்டாள். பக்கத்தில் தேங்காய்த் தண்ணீர் டம்ளர். கற்பூரம் காட்டும்போது புடவைத் தலைப்பு பட்டு, அவ்வளவும் கீபோர்டுக்குள் போய்விட்டது.

அதற்குள் என் ஆய்வேடு இருந்தது. சாந்தோம் குப்பத்துப் பெண்களிடம் நான்கு ஆண்டுகள் கேட்டு எழுதியது. ஃபிளாப்பியில் முதல் இரண்டு அத்தியாயம்தான். புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள். இனி தவணை இல்லை என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். நானோ துணியால் துடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டேன். ஒரு கோடு மின்னி அணைந்தது. "தெரியாம பண்ணிட்டேண்டி" என்று அம்மா அழுதாள். அவளைத் தேற்றக்கூட எனக்கு மனம் வரவில்லை. செத்துப் போகலாம் போலிருந்தது.

தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரும் கருவிகள் பூஜையில் இருக்கின்றன, நாளைக்குத்தான் எடுப்போம் என்றார்கள். பாய் மட்டும் மத்தியானத் தொழுகை முடித்துச் சைக்கிளில் வந்தார். அவருடைய ஸ்க்ரூடிரைவரும் கடையில் குங்குமத்தோடுதான் இருந்தது. "நடராஜன் வெச்ச பூஜம்மா. அவன் எடுக்காம நான் எப்படி எடுக்கறது?" மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மச்சானிடம் குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

பாட்டரியைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துத் தனியே வைத்தார், அதுவும் பிசுபிசுத்திருந்தது. கீபோர்டில், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்ததும் அவர் கையைப் பிடித்துக் கத்தினேன். "உள்ள இனிப்பு கீதும்மா. அப்டியே வுட்டா அரிச்சுடும்" என்று நிதானமாகக் கழுவினார். எத்தனையோ லேப்டாப் பார்த்தாச்சு, பயப்படாதே என்றும் சொன்னார்.

அடுத்த நாலு நாள் நான் கடையிலேயே கிடந்தேன். டிஸ்க்கைக் குண்டு பல்பு எரியும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒரே ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்று நச்சரித்தேன், வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன். "காயாம போட்டுப் பாத்தா, அப்பதாம்மா அது சாவும்" என்பார்.

செவ்வாய் மத்தியானம் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தார். லேப்டாப் பிழைக்கவில்லை. டிஸ்க் சுற்றியது. ஏழு அத்தியாயமும் வரிசையாகத் திரையில் வந்தன. நான் அழுது முடித்துத் திரும்பினால் பாயைக் காணோம். கடையின் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படி நடுங்கின.

"லேப்டாப்ப நான் மொத மொதலா தொறந்து பாத்ததே அன்னிக்குத்தாம்மா" என்றார். "சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட."

ஆய்வேடு பல்கலைக்கழக அலமாரியில் இருக்கிறது, பட்டம் என் பெயரோடு இருக்கிறது. பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்த ஐந்து நாளும் அவர் தனியாகப் பட்ட பயம்தான். என் பயத்தையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். உங்களுக்குப் பயமாக இல்லையா பாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.