நாற்பத்தொரு சதவீதம் லிஃப்டம்மா

அந்த அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. லிஃப்டை இயக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு வேலை தரைத்தளத்தில், டெலிபோன் போர்டு முன்னால். லிஃப்டில் ஏறியதும் "கதவு மூடுகிறது", "நான்காவது தளம்" என்று கணீரென்று ஒரு குரல் கேட்கிறதே, அது அவருடையது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் லிஃப்ட் மாட்ட வந்தவர்கள் நல்ல குரலாக ஒன்று வேண்டும் என்று கேட்க, அப்போதிருந்த மேனேஜர் இவரைக் கைகாட்டினார். இவரும் சாப்பிடப் போகிற வழியில் நின்று பத்து நிமிடம் பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அதில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது. வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் கணவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். லிஃப்டிலோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவே மூடிக்கொள்ளும். லிஃப்டம்மாவுக்கு இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. அவர் நாற்காலியில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள். குரலாவது இங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மொட்டை மாடிக்கு மேல் ஏழாவது தளம் கட்டி முடித்தார்கள். அப்போதுதான் உறைத்தது, பதிவில் ஆறு வரைக்கும்தான் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஏழு, எட்டையும் சேர்த்துச் சொல்லி வைக்க அன்றைக்கு ஒருத்தருக்காவது தோன்றியதா? ஆறு மாடி, ஆறு எண். மகா புத்திசாலிகள்!

லிஃப்ட் மெக்கானிக் லேப்டாப்போடு வந்தார். டெலிபோன் போர்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு மைக்கை மேஜைமேல் வைத்தார். மேனேஜர் ஓரமாக நின்றார். லிஃப்டம்மா வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமி, "ஏழாவது தளம்" என்றார். மெக்கானிக் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மேட்ச் ஆகல மேடம். நாப்பத்தொரு பர்சென்ட்தான் ஒத்துப்போகுது."

"எதோட?"

"உங்க குரலோடதான்."

"அப்ப இப்ப பேசினது யாரு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சாஃப்ட்வேர் அப்படித்தாங்க காட்டுது."

லிஃப்டம்மா மறுபடி சொன்னார். நாற்பது. கொஞ்சம் இளமையாக, குழைந்து சொல்லிப் பார்த்தார். முப்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. எட்டாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள்.

"கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியேம்மா! இங்க என்ன, 'ஏழாவது தளம்'னு ஒரு வார்த்தை சொல்றதுக்கா இத்தனை அமர்க்களம்?"

மைக் திறந்தே இருந்தது. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொண்ணூத்தி மூணு!"

மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்ப இவங்களே சொல்லட்டுமே! ஒண்ணாவது மாடிலேர்ந்து ஏழாவது வரைக்கும் ஒரே ஆள் பேசற மாதிரி கச்சிதமா இருக்கும்."

லிஃப்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகள் மேலேயே பொறாமை வந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. தன்னைவிடத் தன்னைப் போல இருக்கிற ஒருத்தியைத் தானே பெற்று, தானே பேசவும் கற்றுக்கொடுத்திருக்கிறோமே! சரி, மீதி ஐம்பத்தொன்பது சதவீதம் எங்கே போயிற்று? ஒரு நாளைக்கு முந்நூறு 'ஹலோ'. இந்தக் கட்டடம் தின்று தீர்த்த குரலை இந்தக் கட்டடமே இன்றைக்கு யாரென்று கேட்கிறது. ஏழாவது தளத்தை மகள் சொல்லிவிட்டால் கீழே இருக்கிற ஆறும் கைவிட்டுப் போய்விடும், நாளைக்கு அதுவும் மகள் குரல் என்றுதான் சொல்வார்கள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அந்த ஏழாவது மாடி எப்ப கட்டினது?"

"போன மாசம் முடிச்சோம்."

"தரை?"

"புது டைல்ஸ்."

"கீழ ஆறு மாடிலயும்?"

"பழைய சிமெண்டுத் தரைதான். அதுக்கென்ன இப்ப?"

"ஜன்னல் வேற, பெயிண்ட் வேற, தரை வேற. நம்ம கம்ப்யூட்டர்ல போட்டா நாப்பது பர்சென்ட்கூடத் தேறாது. அப்ப அது வேற கட்டடமா சார்?"

"அதெப்படிங்க வேற கட்டடமாகும்? இந்த ஆறு மாடி மேலதானே நிக்குது!"

"நானும் அந்தக் குரல் மேலதான் சார் நிக்கறேன்."

மகள் மைக்கை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

"சொல்லும்மா. எனக்கு வேற வேலை இருக்கு."

திங்கட்கிழமை புதுத் தளம் திறந்தது. லிஃப்டம்மா காலையிலேயே ஒரு சாக்குச் சொல்லிவிட்டு மேலே கிளம்பினார். லிஃப்டில் நான்கைந்து பேர். "ஆறாவது தளம்" என்று முப்பத்தைந்து வயதுக் குரல் மணி மாதிரி சொன்னது. கதவு மூடியது. அடுத்து, தழைந்த, லேசாகக் கரகரத்த குரலில் "ஏழாவது தளம்" என்று வந்தது.

ஃபைலும் கையுமாக நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "என்னங்க இது, ஆறுலேர்ந்து ஏழு வர்றதுக்குள்ள இந்தம்மாவுக்கு இவ்ளோ வயசாயிடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்டம்மாவுக்கும் அடக்க முடியவில்லை.

"ஆமாங்க. எப்ப ஆச்சுன்னு எனக்கே தெரியல."

ஃபைல்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "அட, நீங்கதானா அது? இந்த ஏழாவது மாடி?"

"ஏழு மாடியும் நான்தாங்க," என்று சொல்லிவிட்டு லிஃப்டம்மா வெளியே இறங்கினார்.