நாற்பத்தொன்றாவது பொய்மீன்

முப்பத்திரண்டு வருடம் தபால் பஸ் ஓட்டிய தைஸ்தோ துர்பெய்னன், ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தாமதித்தவன் இல்லை. குய்க்கனியெமி ஊர்க்காரர்கள் அவன் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதன், ஓய்வுபெற்ற பிறகு, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் மரப் பொய்மீன் ஒன்றைச் செய்து முடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டான் என்றால் யாராவது நம்புவார்களா? அதுவும் முடித்தான் என்று சொல்ல முடியாது. நாலு வருடத்தில் நாற்பது செய்திருந்தான். அதில் ஒன்றாவது ஏரியில் நனைந்திருக்குமா என்றால், இல்லை.

"எப்பதான்யா இதைத் தண்ணியில விடுவ?" என்று அவன் மனைவி ரௌஹா கேட்டால், "இன்னும் முடியல" என்பான்.

முடியாததற்குக் காரணம் பூச்சு. மரத்தை மீன் மாதிரி செதுக்குவதெல்லாம் அவனுக்கு ஒரு மத்தியான வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை ஒட்டி, அரத்தின் சொரசொரப்பான பிடியை அதன்மேல் உருட்டிச் செதில் வரவழைப்பான். வெள்ளித்தாளுக்காகவே ரௌஹா நாலு வருடமாகச் சாக்லேட் தின்று பாவாடையை இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டாள். முதுகுக்குக் கரும்பச்சை, தொண்டைக்கு ஒரு தீற்றல் சிவப்பு, ஆணித்தலையைத் தோய்த்துக் கண். அதற்கப்புறம்தான் வார்னிஷ், ஒரு நாளைக்கு ஒன்றாக ஏழு பூச்சு. அதில் ஒரு தூசி விழுந்தால் போச்சு, சுரண்டிவிட்டு முதலிலிருந்து.

உண்மையான காரணம் வேறு. என்னதான் பளபளப்பாக இருந்தாலும், தண்ணீரில் இழுக்கும்போது மரமீன் இடுப்பை ஆட்டி நீந்த வேண்டும். இல்லாவிட்டால் செத்த குச்சி மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து வரும். தன்னுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள தைஸ்தோவுக்குப் பயம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ரௌஹாவுக்குச் சொல்லாமலே தெரியும்.

அந்த வருடம் ஊர் மீன்பிடிச் சங்கம் வம்பை விலைக்கு வாங்கியது. ஜூலைப் படகுப் போட்டியில் சொந்தமாகச் செய்த பொய்மீனில் மீன் பிடிப்பவருக்குத் தனிக் கோப்பை என்று கடைவாசலில் தாள் ஒட்டினார்கள். அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் ஓய்வா. பக்கத்து வீட்டுக்காரன், சங்கத்தின் கணக்குப்பிள்ளை, வாய்க்குப் பூட்டே இல்லாதவன்.

"என்னடா தைஸ்தோ, நீயும் வர்றியா? இல்ல, உன் மீனெல்லாம் கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கத்தானா?"

"வர்றேன்டா. நாப்பத்தொண்ணாவதைப் பாரு. முழுசா முடிச்சுத் தண்ணியில விடறேன்."

சொல்லிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடையில் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

பட்டறையில் மரத்தூள், வீட்டில் பூனை மிர்ரி. அவனுடைய முதல் பொய்மீனின் வார்னிஷுக்குள் மிர்ரியின் வயிற்று முடி ஒன்று இன்னமும் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிறது. ஆகவே வளாகத்திலேயே தூசி இல்லாத இடம் எதுவென்று யோசித்தான். சௌனா! பொய்மீன்கள் நாற்பத்தொன்றையும், நாற்பதுக்கு மறுபூச்சு, ஒன்றுக்குப் புதுப்பூச்சு என்று, நீராவிக் குளியலறையின் கூரையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினான்.

மூன்று சனிக்கிழமை அந்த வீட்டுச் சௌனாவில் புகை எழவில்லை. அந்தச் சாவோ வட்டாரத்தில் ஒரு வீட்டில் துக்கம் விழுந்தால்கூடச் சனிக்கிழமை சௌனா நிற்காது. ரௌஹா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க நடுரோட்டில் நடந்து ஓய்வா வீட்டுக்குக் குளிக்கப் போனாள். குறுக்குவழி இருந்தும் ரோட்டில்தான் போனாள்.

போட்டிக்கு முந்தின நாள் நாலாவது சனிக்கிழமை. இரண்டு தடவை சுரண்டி முதலிலிருந்து ஆரம்பித்த பிறகு ஏழாவது பூச்சு காய்ந்துவிட்டது. காலையில் சௌனாவுக்குள் தைஸ்தோ நாற்பத்தொன்றாவதுக்கு மட்டும் மும்முனைத் தூண்டில் முள்ளை மாட்டிக் கைக்குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரௌஹா விறகுக் கூடையோடு உள்ளே வந்தாள். அடுப்புக்கு முன் குந்தி நெருப்பு வைத்தாள்.

"ஏய், ஏய்! பூச்சு கொப்பளிச்சுரும்!"

"நானும்தான் மூணு வாரமாக் கொப்பளிச்சுக்கிட்டு இருக்கேன்."

தைஸ்தோ பறந்து பறந்து நாற்பதையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கினான். நாற்பத்தொன்றாவதைக் கீறல் விழாமல் ஒரு துணித்துண்டில் சுற்றி, உடைமாற்றும் அறையின் பெஞ்சில் வைத்தான்.

சௌனா நன்றாகச் சூடேறியது. மூன்று வாரக் கடனுக்கும் சேர்த்து ரௌஹா அடுப்பின்மேல் காய்ந்த கல்லில் தண்ணீரை ஊற்றி ஆவி கிளப்பினாள். தைஸ்தோ சிவந்து, வெந்து, மனசு லேசாகி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெளியே வந்தான். பெஞ்சில் துணி கிடந்தது. சௌனாவில் எங்கே உட்கார்ந்தாலும் துணியின்மேல் உட்கார வேண்டும் என்பது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். உட்கார்ந்தான்.

அவன் போட்ட சத்தத்தில் ஏரிக்கு அக்கரையில் நாய் குரைத்தது.

முள், பின்னோக்கி நிற்கும் எதிர்முள் வரைக்கும் இறங்கியிருந்தது. தூண்டில் முள்ளைப் பின்னால் இழுத்தால் வராது. முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து வெட்ட வேண்டும். ரௌஹா ஓய்வாவைக் கூப்பிட்டாள். அவன் கட்டிங் பிளேயரோடு ஓடிவந்து, பெஞ்சில் குப்புறக் கிடந்தவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"டேய், போட்டி நாளைக்குத்தானே?"

"வெட்டுடா பாவி!"

"பல்லைக் கடிச்சுக்க. ரௌஹா, இது எத்தனை கிலோ தேறும்?"

"போன மாசம் நர்ஸ் நிறுத்தப்போ தொண்ணூத்திநாலு."

டிக் என்று முள் அறுந்தது. தைஸ்தோ மூச்சை விட்டதும் கேட்ட முதல் கேள்வி: "வார்னிஷ் உரிஞ்சுதா?"

ரௌஹா விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

மறுநாள் அவனால் உட்கார முடியவில்லை. போட்டிக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவும் வாயெடுத்தான். ரௌஹா புது முள்ளை மாட்டிய பொய்மீனை அவன் கையில் கொடுத்து, "படு" என்றாள். படகின் பின்பக்கம் ஆட்டுத்தோலைப் போட்டுக் குப்புறப் படுத்தான். அவள் துடுப்பு போட்டாள்.

தண்ணீர் அவன் மூக்குக்கு ஒரு சாண் கீழே ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு பொய்மீனைத் தண்ணீரில் விட்டான். பிறகு திறந்தான்.

மரமீன் ஒரு கணம் சாய்ந்தது. அடுத்த கணம் அது நிமிர்ந்து, தலையைத் தாழ்த்தி, இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு கிளம்பியது. சாக்லேட் தாள் வெயிலில் மினுக்மினுக்கென்றது.

"ரௌஹா, நீந்துதுடி! உயிரோட இருக்கிற மாதிரியே நீந்துது!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ரௌஹாவுக்கும்தான், ஆனால் அவள் வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள்.

கோரைக்குப் பக்கத்தில் சின்ன மீன்களை விழுங்கும் ஒரு ஹவுகி மீன் காத்திருந்தது. நீண்ட வாயும் ஊசிப்பல்லும் கொண்ட கிழட்டு ஹவுகி. தண்ணீர் வெடித்தது. தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடி, பட்டென்று அறுந்தது. அவ்வளவுதான். நாலு வருடக் கனவு ஏரிக்கு அடியில் போய்விட்டது.

ரௌஹா துடுப்பை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முதுகுதான் தெரிந்தது. அது குலுங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நிஜ மீன்னு நம்பிருச்சு. ஹவுகியே நம்பிருச்சு!"

கோப்பை இரண்டேகால் கிலோ பிடித்த எவனுக்கோ போயிற்று. ஆனால் ஓய்வா சங்கப் புத்தகத்தை விரித்துச் சத்தமாக வாசித்தான்: "சொந்தப் பொய்மீன், தொண்ணூத்திநாலு கிலோ. பிடிபட்ட இடம், சௌனா. திரும்ப விடப்பட்டது." சங்கக் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தைஸ்தோ நின்றபடியே தலைகுனிந்து வணங்கினான். நிற்காமல் வேறென்ன செய்வான்?

அடுத்த சனிக்கிழமை ரௌஹா சௌனாக் கதவைத் திறந்தபோது கூரை காலியாக இருந்தது. கரையில் தைஸ்தோ, பக்கத்தில் நாற்பது பொய்மீன் உள்ள பெட்டி. ஒன்றை எடுத்து நரம்பில் முடிந்துகொண்டிருந்தான். அவள் குனிந்து பார்த்தாள். அவனுடைய முதல் பொய்மீன்.

"இதுல மிர்ரி முடி இருக்கேய்யா."

"இருக்கட்டும். ஹவுகிக்கு அதுவா முக்கியம்?"