மாமனார் பெயரைச் சொன்ன காலை

காலை ஆறரைக்கு மன்னாரில் மறிச்சுக்கட்டி போகும் பஸ்ஸில் ஏறியபோதே உடம்பு ஓய்ந்திருந்தது. முதல் நாள் முழுக்கக் கொழும்பிலிருந்து குலுங்கி வந்த இடுப்பு. மதுரையில் நிம்மதியாகக் கிடக்காமல் எதற்கு இந்த ஊர்சுற்றல் என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தேன்.

பக்கத்தில் செல்வி என்ற இளம்பெண், மடியில் நாலு வயது மகன். முன் இருக்கையில் அவளுடைய மாமனார். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முசலிப் பக்கம் குடியேறி, கூலி வேலை பார்க்கும் குடும்பம். "பெரியவரே, தண்ணி குடிங்க. பெரியவரே, காலை ஆட்டாதீங்க" என்று அவள் பிள்ளையிடம் பேசியது வேடிக்கையாக இருந்தது.

"என்னம்மா, கலெக்டருக்குக் குடுக்குற மரியாதையால்ல இருக்கு?" என்றேன்.

"மாமா பேர வச்சிருக்குங்க. நான் எப்படி வாயால சொல்றது? வாடா போடான்னும் வராதுங்க."

தாத்தாவுக்கு அவன் 'ராசா'. முன்பள்ளியில் மட்டும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். என் அம்மாவும் இப்படித்தான். ரேஷன் கடையில் அப்பா பேரைக் கேட்டால் சுவரிலுள்ள முருகன் காலண்டரைக் காட்டுவாள்.

முப்பது கிலோமீட்டர்கூட வந்திருக்காது, எட்டு மணிக்குச் சிலாவத்துறையில் பஸ் புகைந்து நின்றுவிட்டது. "இறங்குங்கோ, கொஞ்சம் சுணங்கும்" என்றார் டிரைவர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "அது இவனுக்குத்தான் தெரியும்" என்று இஞ்சினைக் காட்டினார்.

சந்திக் கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ ஐம்பது ரூபாய். இரண்டு வாய் குடிப்பதற்குள் செல்வி அலறினாள். பிள்ளையைக் காணவில்லை. மாமனார் கடற்கரைப் பக்கம் ஓடினார். நான் டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்தார். "அழாதேங்கோ தங்கச்சி. பள்ளிவாசல் மைக்கில சொல்லுவம். பிள்ளையின்ர பேரென்ன?"

"பெரியவருங்க."

"பெரியவரெண்டு சொன்னா ஊரிலயிருக்கிற கிழவன்மாரெல்லே வந்து நிப்பினம்! பேரைச் சொல்லுங்கோ."

செல்வி வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணீர்தான் ஓடியது, பேர் வரவில்லை. "அடிப் பாவி, பிள்ளை கடல் பக்கம் போயிருந்தா என்ன செய்வ? பேரைச் சொல்லித் தொலையேன்!" என்று கத்திவிட்டேன்.

துப்பட்டாவால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். "சுப்பையா."

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது: "சுப்பையா என்ற நாலு வயதுப் பிள்ளையைக் கண்டவர்கள் சந்திக்குக் கூட்டி வரவும். தாய் தேடுகிறா."

முதலில் மூச்சிரைக்க வந்து நின்றவர் மாமனார்தான். பேரை யார் சொல்லியிருப்பார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செல்வி கடைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு ஒரு மீனவர் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தார். "வலை காயிற இடத்தில நிண்டவன். சுப்பையாவோ எண்டு கேட்டன், ஓம் எண்டான்." செல்வி அவனைப் பிடுங்கி, முதுகில் ஒன்று வைத்து, கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

பத்தரைக்குப் பஸ் கிளம்பியது. வெயில், புழுதி, அதே இடுப்புவலி. மதுரைக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னால், "பாவம், அவளுக்கு வேற வழியில்ல" என்றுதான் சொல்வாள்.

பிள்ளை அதற்குள் இருக்கைகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்திருந்தான். "பெரியவரே, வந்து உக்காருங்க" என்றாள் செல்வி, பழையபடி. அவன் காதில் வாங்கவில்லை.

முன் இருக்கையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, மாமனார் குரல் கொடுத்தார்.

"சுப்பையா! அம்மா கூப்பிடுறா, காது கேக்கலியா?"

"வாறன், வாறன்" என்று பிள்ளை ஓடி வந்தான்.